ஏறக்கூடாது என்று சொன்னது யார்?

கேள்வி:



திருவள்ளூர் மாவட்டம் புதுவாயலில் இருந்து எழுதுகிறேன். பொன்னேரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்க்கிறார். பத்தாம் வகுப்பு விடுமுறையில் 'எரகான்' நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததால் இரண்டு மாதம் ஆனது. அன்றிலிருந்து டிராகன் மேல் ஏறிப் பறப்பவர்களைப் பற்றிய கதை எது கிடைத்தாலும் விடுவதில்லை.

இப்போது நானே ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு நோட்டு முடிந்துவிட்டது. டிராகன் வீரர்களின் கோட்டையிலிருந்து துரத்தப்பட்ட எல்டன் என்ற பையன் பனிமலையில் ஒரு டிராகன் முட்டையைக் கண்டெடுக்கிறான். எல்லாரும் ஒதுக்கிய அவனை டிராகன் தேர்ந்தெடுக்கிறது. கடைசியில் அவன் திரும்பி வந்து கோட்டையைக் காப்பாற்றுகிறான்.

தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். "நல்லா இருக்குடி, ஆனா எல்லாமே எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கு" என்றாள். எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர், "டிராகன் நம்முடையது இல்லையே அம்மா, அதைத் தமிழில் எதற்கு எழுத வேண்டும்?" என்று கேட்டார். அப்பா எதுவும் சொல்லவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, விளக்கை அணைக்கச் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

தினமும் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரை சைக்கிளில் போகிறேன். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். அந்தக் கால் மணி நேரம்தான் கதையை யோசிக்கும் நேரம். நான் கேட்க நினைப்பது இவைதான். டிராகனைத் தமிழில் எழுதலாமா? ஒதுக்கப்பட்டவன் வீரனாகும் கதையைப் பலர் எழுதிவிட்ட பிறகு நான் எழுதினால் அது காப்பி ஆகிவிடுமா? அதை என்னுடையதாக்க என்ன செய்ய வேண்டும்? இப்படி ஒரு நாவலைத் தமிழில் யாராவது வெளியிடுவார்களா?

— ஒரு வாசகி, புதுவாயல்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

எழுதுங்கள். முதல் பதில் இதுதான். இனி நான் சொல்லப் போவதெல்லாம் எப்படி எழுதுவது என்பதைப் பற்றி மட்டுமே.

முதலில் உங்கள் ஆசிரியரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். உள்ளே நுழைந்ததும் கல்யாண மண்டபத்தின் தூண்களைப் பார்க்கலாம். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளும் யாளிகளும் அங்கே நிற்கின்றன. அவற்றின் முதுகில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிங்க உடலும், சில இடங்களில் துதிக்கையும், பிதுங்கிய கண்ணும் கொண்ட, பூமியில் எங்குமே இல்லாத ஒரு விலங்கின் மேல் மனிதன் ஏறியிருக்கிறான். திருவரங்கத்தின் சேஷராயர் மண்டபத்திலும் பாயும் குதிரை வீரர்களைக் காணலாம். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் புலிக்குகை என்று பெயர் பெற்ற பாறையைச் சுற்றி இருப்பவை யாளித் தலைகள். சங்கப் பாடல்களில் யானையையே வேட்டையாடும் விலங்காக யாளி, ஆளி என்ற பெயரில் வருகிறது. பல கோயில்களின் திருவிழாவில் சாமி இன்றும் யாளி வாகனத்தில் வீதி உலா வருகிறார்.

பயங்கரமான ஒரு கற்பனை விலங்கும், அதன் முதுகில் துணிந்து ஏறிய ஒரு மனிதரும் நம் கல்லில் பல நூறு ஆண்டுகளாக இருக்கிறார்கள். யாளிக்குச் சிறகில்லை, அது நெருப்பைக் கக்குவதில்லை என்று ஆசிரியர் சொல்லலாம். டிராகனும் எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்ததில்லை. ஐரோப்பியக் கதைகளில் அது பொன் குவியலைக் காத்துக்கொண்டு குகையில் படுத்திருக்கும். சீனத்தில் அது ஆற்றோடும் மழையோடும் சேர்ந்தது, வணங்கப்படுவது. அந்தந்த நிலம் எதற்குப் பயந்ததோ, எதற்காக ஏங்கியதோ, அதுவே விலங்கின் உருவத்தைத் தீர்மானித்தது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் ஏரி வறண்டு, கொட்டித் தீர்த்தால் ஆரணியாறு கரை உடைக்கும் பகுதி உங்களுடையது. அங்கே பிறக்கும் விலங்குக்குப் பனிமலை எதற்கு? 'டிராகன்' என்ற சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது உங்கள் ஊர்க் கிழவிகள் சொல்லக்கூடிய ஒரு பெயரை வையுங்கள். பெயரைவிட, அது உங்கள் மண்ணில் என்ன தின்று வளர்ந்தது என்பதே பெரிய விஷயம்.

அடுத்தது காப்பி பற்றிய பயம். 'எரகான்' எழுதிய கிறிஸ்டோபர் பவோலினி அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் வீட்டிலேயே படித்த பையன். எழுதத் தொடங்கியபோது வயது 15. 2002இல் பெற்றோரே அந்த நாவலை அச்சிட்டார்கள். பள்ளிக்கூடம், நூலகம் என்று ஏறி இறங்கி அவரே புத்தகத்தைப் பற்றிப் பேசினார். 2003இல் நாஃப் என்ற பெரிய பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் சாயலும் டோல்கீன் நாவல்களின் சாயலும் அதில் அதிகம் என்று அன்றே விமர்சகர்கள் எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. இளம் வயதில் எழுதுபவர்கள் தாங்கள் நேசித்த புத்தகத்தின் நிழலில் நின்றுதான் எழுதுவார்கள். அதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த நிழலிலேயே நின்றுவிடவும் கூடாது.

ஒதுக்கப்பட்டவர் டிராகனோடு சேரும் கதை பவோலினிக்கு முன்பே இருந்தது. ஆன் மெக்காஃப்ரியின் 'டிராகன்ஃப்ளைட்' 1968இல் வந்தது. அதன் நாயகி லெஸ்ஸாவின் குடும்பம் முழுவதும் கொல்லப்பட்டுவிட்டது. தன் சொந்தக் கோட்டையிலேயே அழுக்குத் துணியோடு அடிமட்ட வேலைக்காரியாக ஒளிந்து வாழ்கிறாள். அதே எழுத்தாளரின் 'டிராகன்சாங்' 1976இல் வந்தது. அதில் மெனோலி என்ற மீனவக் குடும்பத்துப் பெண் பாட்டுக் கட்டக் கூடாது என்று தகப்பனால் தடுக்கப்படுகிறாள். வீட்டைவிட்டு ஓடிக் கடலோரக் குகையில் வாழ்கிறாள். அங்கே டிராகனின் சின்னஞ்சிறு உறவான நெருப்புப் பல்லிகள் அவளிடம் ஒட்டிக்கொள்கின்றன. 2010இல் வந்த 'ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மூலமான கிரெசிடா கவெல்லின் புத்தகம் 2003இல் வந்தது. படத்தில் ஹிக்கப் கொல்லன் பட்டறையில் எடுபிடி வேலை செய்யும் நோஞ்சான் பையன். அவன் வீழ்த்திய டிராகனுக்கு வாலில் பாதித் துடுப்பு போய்விடுகிறது. பட்டறையில் இரும்பும் தோலும் கொண்டு அவனே செயற்கைத் துடுப்பு செய்கிறான். அதன் பிறகு அவன் காலால் இயக்காமல் அது பறக்க முடியாது, அது இல்லாமல் அவனும் பறக்க முடியாது.

இத்தனை பேர் எழுதியும் இந்தக் கதை தீரவில்லை. ஏன் என்று பாருங்கள். லெஸ்ஸாவைக் கீழே தள்ளியது வாள். மெனோலியைத் தள்ளியது ஊர்க் கட்டுப்பாடு. ஹிக்கப்பைத் தள்ளியது, கொல்லத் தெரிந்தவனே ஆண் என்ற எண்ணம். காரணம் மாறும்போது கதையும் மாறிவிடுகிறது.

இங்கேதான் உங்கள் நாவலின் உண்மையான குறையைச் சொல்ல வேண்டும். எல்டன் துரத்தப்பட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்காகத் துரத்தப்பட்டான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நாலு நோட்டில் எங்காவது இருக்கலாம். கதையைச் சுருக்கிச் சொல்லும்போது அது உங்கள் நினைவுக்கே வரவில்லை என்றால், அது கதையின் மையத்தில் இல்லை என்றுதான் அர்த்தம். உங்கள் தோழிக்கு 'எங்கேயோ படித்த மாதிரி' இருந்ததற்குக் காரணம் டிராகன் அல்ல. காரணமே இல்லாமல் ஒதுக்கப்பட்ட ஒருவன் எந்த ஊர்க்காரனாகவும் இருக்கலாம். அதனால் அவன் எந்த ஊர்க்காரனாகவும் இல்லாமல் போய்விட்டான்.

ஒதுக்குவது என்றால் என்னவென்று நம் நாட்டில் பிறந்தவருக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டாம். அதிலும் 'ஏறுவது' என்ற செயல் இங்கே சாதாரணமானதாக இருந்ததே இல்லை. தலித் மணமகன் குதிரையில் ஊர்வலம் வந்தான் என்பதற்காகத் தாக்கப்பட்ட செய்திகளும், போலீஸ் காவலோடு குதிரை ஏறிய செய்திகளும் ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் இந்தக் காலத்திலும் வந்துகொண்டிருக்கின்றன. நம் கிராமங்களிலேயே குறிப்பிட்ட தெருக்களில் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இயக்குநர் மாரி செல்வராஜ் 2018இல் தன் முதல் படத்துக்கு 'பரியேறும் பெருமாள்' என்று பெயர் வைத்தார். பரி என்றால் குதிரை. குதிரை ஏறும் தெய்வத்தின் பெயரை ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவன் ஒருவனுக்கு வைத்ததிலேயே பாதிக் கதை இருக்கிறது.

மதுரை வீரன் கதையை நீங்கள் கூத்திலோ பாட்டியின் வாயிலோ கேட்டிருக்கலாம். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகவும் பார்த்திருக்கலாம். கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த குழந்தை ஆகாது என்று காட்டில் விடப்படுகிறது. அருந்ததியர் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். வளர்ந்தவன் பொம்மி என்ற பெண்ணை விரும்பி மணக்கிறான். மதுரைக்கு வந்து கள்ளர் தொல்லையை அடக்குகிறான். கடைசியில் அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். மக்கள் அவனைத் தெய்வமாக்கினார்கள். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தின் அருகே இன்றும் அவன் சன்னிதி இருக்கிறது. ஊர் எல்லைகளில் குதிரை மேல் மீசையை முறுக்கியபடி வீற்றிருக்கிறான். ஒதுக்கப்பட்டு, ஊருக்காகப் போராடி, அதே ஊரின் கையால் அழிந்தவன் அவன்.

உங்கள் நாவலின் முடிவோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். எல்டன் திரும்பி வந்து கோட்டையைக் காப்பாற்றுகிறான் என்கிறீர்கள். தன்னைத் துரத்திய கோட்டையை அவன் எதற்குக் காப்பாற்ற வேண்டும்? காப்பாற்றிய மறுநாள் கோட்டைக் கதவின் சட்டம் மாறியதா? அடுத்த பையனை அவர்கள் துரத்தாமல் இருப்பார்களா? அவனை மட்டும் உள்ளே சேர்த்துக்கொண்டு மற்றவர்களை வெளியே நிறுத்தினால் அது வெற்றியா? நம் நாட்டுப்புறக் கதை சொல்லிகள் இந்தக் கேள்வியை விட்டு ஓடவில்லை. தங்கள் வீரன் வெட்டுப்பட்டதை மறைக்காமல் பாடினார்கள். நீங்களும் ஓடாதீர்கள். உங்கள் கதை சோகமாக முடிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதவைப் பற்றி ஒரு முடிவு எடுங்கள் என்கிறேன்.

அண்மையில் வந்த ஒரு நாவல் இதை நேராகச் சந்திக்கிறது. மோனிக்வில் பிளாக்கூஸ் எழுதிய 'டு ஷேப் எ டிராகன்ஸ் பிரெத்' 2023இல் வந்தது. எழுத்தாளர் அமெரிக்கப் பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். அதன் நாயகி ஆனிக்வஸ் 15 வயதுத் தீவுப் பெண். அவள் கண்டெடுத்த முட்டையிலிருந்து வந்த டிராகன் அவளைத் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அந்த நாட்டை ஆக்கிரமித்தவர்களின் சட்டம், தங்கள் கல்விக்கூடத்தில் அவள் தேறினால்தான் டிராகன் உயிரோடு இருக்கலாம் என்கிறது. டிராகனோடு எப்படி வாழ்வது என்பதைத் தன் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். 2024இல் இளையோர் நாவலுக்கான நார்ட்டன், லோட்ஸ்டார் இரண்டு விருதுகளையும் அது பெற்றது. ஒதுக்கப்பட்டவரிடம் இருப்பது குறை என்று நினைக்காமல், அறிவு என்று பார்த்ததுதான் அந்த நாவலின் பலம்.

அந்த அறிவுக்கு உங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் ஏராளம். எல்லாரும் பார்த்து நடுங்கும் பாம்பை, மண்ணில் கிடக்கும் தடத்தைக் கொண்டு கண்டுபிடிப்பவர்கள் அவர்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் தொழில் நின்றுபோனது. 1978இல் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்து வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பவும் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஊர் ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்கள், ஊரே அஞ்சும் உயிரின் மொழியை அறிந்தவர்கள், அந்த அறிவால் ஊரின் உயிரைக் காப்பவர்கள். இதைவிட நெருக்கமாக உங்கள் நாவலுக்கு எது வேண்டும்? ஒரு எச்சரிக்கையும் உண்டு. அவர்கள் வாழ்க்கையைத் தூரத்திலிருந்து எடுத்து அலங்காரமாக ஒட்டாதீர்கள். எழுதுவதானால் போய்ப் பழகுங்கள், கேளுங்கள், அவர்களுக்கே முதலில் படித்துக் காட்டுங்கள். அது இப்போது இயலாது என்றால், அதிலிருந்து பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிராகன் உங்கள் நாயகனைத் தேர்ந்தெடுப்பதற்கு விதி காரணமாக இருக்க வேண்டாம். அவனுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று காரணமாக இருக்கட்டும்.

இனி இடத்தைப் பற்றி. பனிமலையை நீங்கள் பார்த்ததில்லை. ஆனால் நெருப்பைக் கக்கிக்கொண்டு வானத்தில் ஏறும் ஒன்றை உங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. வானம் தெளிவாக இருந்தால் உங்கள் பகுதியில் பிள்ளைகள் மாடிக்கு ஓடுகிறார்கள். அந்தத் தீவில் முன்பு வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் பலர் ஏவுதளத்துக்காக இடம்பெயர்க்கப்பட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் தமிழ்நாட்டு இருளர்களுக்கு நெருங்கிய மக்கள். நெருப்பு மேலே போகிறது, அது நின்ற மண்ணில் இருந்தவர்கள் வெளியே போகிறார்கள். இது நடந்த செய்தி. இதற்குள் ஒரு நாவலின் முதல் அத்தியாயம் காத்திருக்கிறது.

பறத்தலைத் தெரிந்துகொள்ளப் பழவேற்காட்டுக்குப் போங்கள். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. மழைக்காலம் முடிந்ததும் பூநாரைகள் வந்திருக்கும். பூநாரை சட்டென்று எழும்பாது. கழுத்தை நீட்டிக்கொண்டு தண்ணீரின் மேல் பல அடி ஓடி, அப்புறம்தான் காற்றில் ஏறும். இத்தனை மெல்லிய பறவைக்கே இவ்வளவு ஓட்டம் தேவை என்றால், ஆளைச் சுமந்த உங்கள் விலங்கு எவ்வளவு ஓட வேண்டும்? எங்கே ஓடும்? அறுவடை முடிந்த வயலிலா, வறண்ட ஏரியிலா, ராத்திரி லாரிகள் குறைந்த தேசிய நெடுஞ்சாலையிலா? மேலே ஏற ஏற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். புதுவாயலில் 32 டிகிரி என்றால் மூன்று கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 12 அல்லது 13. பருத்திச் சட்டையோடு ஏறியவன் அங்கே பல் கிட்டி நடுங்குவான். இப்படி ஒரு கணக்கு உங்கள் கையில் இருந்தால் வாசகர் மற்றதையெல்லாம் நம்புவார்.

நெருப்புக்கு அப்பாவிடம் கேளுங்கள். ஃபர்னஸிலிருந்து பில்லெட் என்னும் இரும்புக் கட்டை வெளியே வரும்போது ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு டிகிரி சூடு இருக்கும். அதன் நிறம் என்ன? எத்தனை அடி தூரத்தில் முகம் எரியத் தொடங்கும்? ரோலுக்குள் போகும்போது மேலே செதில் செதிலாக உதிர்வது எப்படி ஒலிக்கும்? கை தவறினால் என்ன ஆகும்? டிராகனின் மூச்சைப் பற்றி எழுதிய பெரிய எழுத்தாளர்களில் எத்தனை பேருக்கு இப்படி நெருப்பின் முன் நின்ற தகப்பன் இருந்திருப்பார்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, மொழி தெரியாமல், ஷெட்டில் தங்கி, அதே நெருப்பின் முன் நிற்கும் இளைஞர்களைப் பற்றியும் கேளுங்கள். அவர்களும் தங்கள் ஊரிலிருந்து வெளியேற நேர்ந்தவர்கள்தான்.

விலங்குக்கு விதிகள் வேண்டும். விதி என்றால் அதற்கு ஒரு விலை இருக்க வேண்டும். மெக்காஃப்ரியின் டிராகன் நெருப்பு விட வேண்டுமானால் ஒருவகைக் கல்லை மென்றாக வேண்டும். ஏறியவர் இறந்தால் டிராகனும் வாழாது. அதனால் அங்கே ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு உயிர் ஊசலாடுகிறது. உங்கள் விலங்கு நாளைக்கு எத்தனை ஆடு தின்னும், அந்த ஆடுகள் யாருடையவை என்று முடிவு செய்யுங்கள். அங்கேயே கிராமத்துக்கும் நாயகனுக்கும் வழக்கு பிறந்துவிடும். விலை கொடுக்காமல் கிடைக்கும் சக்தியில் வாசகருக்குச் சுவை இருக்காது.

மொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதை சொல்லும் நடை எளிய எழுத்துத் தமிழாக இருக்கட்டும். பேசுகிறவர்கள் உங்கள் ஊர்ப் பேச்சில் பேசட்டும். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் உங்கள் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. தமிழும் தெலுங்கும் மில்களில் இந்தியும் கலந்து புழங்குவதைக் கேட்டுப் பழகிய காது உங்களுக்கு இயல்பாகவே கிடைத்திருக்கிறது. கோட்டைக்காரர்கள் ஒரு மொழியும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஒரு மொழியும் பேசலாம். விலங்கு எந்த மொழிக்குத் திரும்பிப் பார்க்கிறது என்பதிலேயே ஒரு அத்தியாயம் எழுதலாம். எல்டன் என்ற பெயரை இன்றே மாற்றிவிடுங்கள். அவனுடைய அம்மா கோபத்தில் அவனை எப்படிக் கூப்பிடுவாள் என்று யோசித்தால் சரியான பெயர் கிடைக்கும்.

தொடக்கத்துக்கு ஒரு பாடம். கல்கி 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' குதிரையில் வரும் ஒரு இளைஞனோடுதான் தொடங்குகிறது. வந்தியத்தேவன் நாடிழந்த குலத்துப் பிள்ளை. ஏறியிருக்கும் குதிரை களைத்த குதிரை. ஆடிப்பெருக்கில் வீராணம் ஏரிக்கரையில் அவன் வருகிறான். முதல் அத்தியாயத்திலேயே எந்த ஊர், என்ன பருவம், அவனிடம் என்ன இல்லை என்ற மூன்றும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. உங்கள் முதல் அத்தியாயத்தை எடுத்து இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வெளியிடுவார்களா என்று கேட்டீர்கள். தமிழில் சிறுவர்க்கு எழுதும் மரபு வலுவானது. 1947இல் வந்த 'அம்புலிமாமா'வும், வாண்டுமாமாவின் மந்திரக் கதைகளும் பல தலைமுறைகளை வளர்த்தன. ஆனால் பன்னிரண்டு வயதுக்கும் இருபதுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு நம்மிடம் புத்தகம் குறைவு. சிறுவர் கதையிலிருந்து நேராகப் பெரியவர்களின் சரித்திர நாவலுக்குத் தாவுகிறோம், அல்லது உங்களைப் போல அகராதியோடு ஆங்கிலத்துக்குப் போகிறோம். அந்த இடம் காலியாக இருப்பதுதான் உங்களுக்கான வாய்ப்பு. பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்', வானம் பதிப்பகம் போன்றவை சிறார், இளையோர் நூல்களைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்காரமும், 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்டோருக்கு யுவ புரஸ்காரமும் தருகிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வாருங்கள். ஒவ்வொரு கடையாக நின்று இளையோர் நூல்களைப் புரட்டிப் பார்த்து, யார் எதை வெளியிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்துப் பிரதியை அனுப்புவது இரண்டாவது முறை முழுவதும் திருத்தி எழுதிய பிறகுதான். பணம் கொடுத்தால் உடனே அச்சிட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் இப்போது போக வேண்டாம்.

கடைசியாக உங்கள் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், ஆயாக்கள் எல்லாரும் அவர்களில் இருந்தார்கள். பெண் சைக்கிள் ஏறுவதா என்று கேலி செய்தவர்கள் நடுவே அவர்கள் ஏறினார்கள். அதன் பிறகு பஸ்ஸுக்காகக் காத்திருப்பதும், வீட்டு ஆணைக் கேட்டு நிற்பதும் குறைந்தன. பின்னாளில் அரசின் இலவச சைக்கிள் திட்டம் முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. அந்த வழியில்தான் உங்கள் கைக்கு அந்த சைக்கிள் வந்திருக்கிறது. உங்களுக்கு முன்னால் யாரோ ஒருத்தி, ஏறக்கூடாது என்று சொல்லப்பட்ட பிறகும் ஏறியிருக்கிறாள். டிராகன் கதையின் உயிர் அதுதான். வானத்தில் பறப்பது பிறகு வருவது. தரையில் நின்று, தடுத்தவர் முகத்தைப் பார்த்து, காலைத் தூக்கி மறுபக்கம் போடும் அந்த ஒரு கணத்தை நீங்கள் உண்மையாக எழுதிவிட்டால் நாவல் உங்களுடையது.

நாலு நோட்டையும் கிழித்துவிடாதீர்கள், பத்திரமாக வையுங்கள். ஐந்தாவது நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இவனை ஏறக்கூடாது என்று சொன்னது யார், எதற்காக? அதற்குப் பதில் கிடைத்த அன்று முதல் அத்தியாயத்தை மறுபடி தொடங்குங்கள். முடித்ததும் அப்பாவுக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். விளக்கை அணைக்கச் சொல்லாமல் போனவர் அவர். அந்த நாவலின் முதல் வாசகர் அவர்தான்.